நமசிவாயத்தார் கீறிய வேலி

நமசிவாயத்தாருக்குப் பொய் சொல்ல வராது என்று சண்டிலிப்பாயில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு பெருமையாக யாரும் சொல்வதில்லை. இன்னாருக்குக் காது மந்தம், இன்னாருக்கு மாலையில் கண் தெரியாது என்று சொல்வார்களே, அந்தத் தொனியில்தான் சொல்வார்கள். கலியாணம் பேசுகிற வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்தி இருபது வருடமாகிறது.

முப்பத்துநான்கு வருடம் ஒரு சேவையரிடம் படம் கீறினவர். சேவையர் ஆட்களோடு போய்க் காணியை அளந்து குறித்துக்கொண்டு வருவார். அந்தக் குறிப்பை வைத்து எல்லை, வேலி, கிணறு, வழி என்று எல்லாவற்றையும் தாளில் பிசகாமல் கீறிக்கொடுப்பது நமசிவாயத்தாரின் வேலை. அவர் கீறின கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு கதைபேச்சை விட்ட அண்ணன் தம்பிமார் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் மனுசன் நித்திரை கொள்ள மாட்டார். நல்லகாலமாக அவர் அப்படியெல்லாம் கணக்கெடுக்கிற ஆளல்ல. இருந்ததைக் கீறினேன், அவ்வளவுதான் என்பார். சேவையர் காலமாகி, கந்தோரையும் பூட்டின பிறகு, பேனையையும் அடிமட்டத்தையும் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வீட்டோடு இருந்தார்.

அந்தப் பெட்டியைத் திறக்க வைத்தவள் மதுரா. ஊர் முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை, அவருடைய மனைவி குணலட்சுமிக்குத் தூரத்துச் சொந்தம். அவளுடைய முன்பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு பெட்டி நிறையப் படக்கதைப் புத்தகங்கள் அனுப்பியிருந்தார்கள். எல்லாப் புத்தகத்திலும் ஒரே புத்திதான்: இருப்பதைப் பகிர்ந்துகொள், எல்லோருடனும் நட்பாக இரு. கரடி கேக்கை வெட்டி முயலுக்குக் கொடுக்கும், முயல் தன் குடைக்குள் முள்ளெலியைக் கூப்பிடும். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். புத்தகத்தை மூடின அடுத்த நிமிடம் ஊஞ்சலுக்கு அடிபடுவார்கள்.

“கரடி குடுத்தது, நீயும் குடு எண்டால், நான் என்ன கரடியோ எண்டு கேக்குதுகள் மாமா,” என்றாள் மதுரா. “எங்கடை இடம், எங்கடை பிள்ளையள் மாதிரி ஒரு புத்தகம் வேணும். கதையை நான் எழுதுறன். நீங்கள் கீறித் தருவியளோ?”

நமசிவாயத்தார் மூன்று நாள் மினக்கெட்டார். முதலில் ஒரு முயல் கீறினார். குணலட்சுமி தேத்தண்ணீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“உது முயலோ, எல்லைக்கல்லோ?”

அவர் கோபிக்கவில்லை. உண்மையிலேயே எல்லைக்கல்லைப் போலத்தான் இருந்தது. காணாததைக் கீற அவருடைய கைக்கு வராது. காதை ஒட்டினாலும் வாலை ஒட்டினாலும் கல் கல்லாகவே நின்றது. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, யன்னலுக்கு அங்கால் தினமும் காண்பதைக் கீறத் தொடங்கினார்.

அவர் தினமும் கண்டது இதைத்தான். அவருடைய வளவுக்குப் பக்கத்து வளவு பொன்னம்பலத்தாருடையது. றோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்குப் பின்னால் தர்சிகாவின் வீடு. றோட்டுக்குப் போக தர்சிகா வீட்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றிவருகிற ஒரு ஒழுங்கை உண்டு, மாரி தொடங்கினால் அதில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் தர்சிகா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். புதுப்பெண் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் நடப்பதா என்று கேட்டு, பொன்னம்பலத்தாரே கத்தியை எடுத்து வந்து, தன் பின்வேலியில் நட்டிருந்த நாலு கதியால் தடிகளைத் தறித்து வழிவிட்டார். எங்கள் ஊரில் வேலியில் விடுகிற அந்த இடைவெளியைப் பொட்டு என்போம். பெண் வந்து சேர்ந்த பிறகும் பொட்டு அப்படியே இருந்தது. மாரிக்குத் தர்சிகா அதற்குள்ளால் வந்து, பொன்னம்பலத்தார் வளவைக் கடந்து றோட்டுக்குப் போவாள். அவளுடைய மகன் கீர்த்திகன் நடக்கத் தொடங்கினதும் மாரி கோடை பாராமல் அதற்குள்ளால் ஓடிவந்தான். இந்தப் பக்கம் அவனுக்காகப் பொன்னம்பலத்தாரின் பேத்தி ஆரணி காத்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பேருக்கும் ஐந்து வயது. ஆரணியிடம் மூன்று சில்லுச் சைக்கிள் இருந்தது. கீர்த்திகன் வீட்டில் கொய்யா மரம் நின்றது. ஒருத்தி மிதிக்க ஒருத்தன் தள்ளுவான், பிறகு ஆள் மாறும், பிறகு இரண்டு பேரும் பொட்டுக்குள் குந்தியிருந்து கொய்யாக்காய் தின்பார்கள்.

பிள்ளையில்லாத வீட்டு யன்னல் ஒன்று தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு பேருக்கும் தெரியாது. நமசிவாயத்தாருக்கும் குணலட்சுமிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த இரண்டு குரல்களும் கேட்காத பின்னேரங்களில் அவருக்குத் தேத்தண்ணீர் இறங்காது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, குணலட்சுமிக்குச் சொல்லாமலே தெரியும்.

பன்னிரண்டு பக்கத்தில் புத்தகம் முடிந்தது. கொய்யா மரம், கிணறு, இரண்டு பனை, வேலி, பொட்டு, சைக்கிள், இரண்டு பிள்ளைகள். கதியால்களை எண்ணித்தான் கீறினார். பழக்கதோசத்தில் முதல் பக்கத்தில் வடக்கைக் காட்டுகிற அம்புக்குறியையும், கடைசிப் பக்கத்தில் கையெழுத்தையும் திகதியையும் போட்டார். ‘பொட்டுக்குள் இரண்டு பேர்’ என்று மதுரா பெயர் வைத்தாள். மானிப்பாயில் கலர்க்கொப்பி அடித்து, வீட்டுக்கொரு புத்தகமாகக் கொடுத்துவிட்டாள். முன்பள்ளியில் வாசித்த அன்றைக்கு ஆரணி எழும்பி நின்று, “இது எங்கடை வேலி,” என்றாள். “எங்கடையும்தான்,” என்றான் கீர்த்திகன். அந்தக் கிழமை முழுவதும் ஊஞ்சலுக்கு அடிபாடு இல்லை என்று மதுரா வந்து சொன்னபோது நமசிவாயத்தார் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார். சந்தோசம் வந்தால் அவருக்கு வெட்கம்.

அது தை மாதம். வைகாசியில் பொன்னம்பலத்தாரின் மூத்த மகன் கேதீஸ்வரன் கனடாவிலிருந்து வந்தான். வேலி கறையான் அரிக்கிறது, சுற்றிவர மதில் கட்டுவோம் என்றான். கல்லும் மணலும் வந்து இறங்கின. பின்வேலியைப் பிடுங்க ஆட்கள் வந்தபோது தர்சிகா பொட்டுக்குள் வந்து நின்றுகொண்டாள். மாரிக்குத் தன் பிள்ளையை எந்த வழியால் பள்ளிக்கூடம் கொண்டுபோவது என்று கேட்டாள். முதலில் கெஞ்சித்தான் கேட்டாள். கேதீஸ்வரன் ஊர்ப் பழக்கம் மறந்த பிள்ளை, எடுத்தெறிந்து ஒரு சொல்லுச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவள் கெஞ்சவில்லை. பன்னிரண்டு வருடமாக நடக்கிற வழி, உரிமை எனக்கும் இருக்கிறது என்றாள்.

ஒரு வழியால் பத்து வருடம் நடந்தால் அதில் பாத்தியதை வந்துவிடும் என்பது யாழ்ப்பாணத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அரைகுறையாகத் தெரிந்த சட்டம்தான், ஆனால் சண்டைக்கு அரைகுறையே போதும். பாத்தியதை என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் பொன்னம்பலத்தாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கெட்ட மனுசன் இல்லை. தான் இரக்கப்பட்டு விட்டதை இன்னொருவர் உரிமை என்று சொன்னால் யாருக்கும் எரியத்தான் செய்யும். விசயம், கோட்டுக்குப் போகாமல் சமரசம் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்குப் போனது. தர்சிகா தன் கையில் இருந்த ஒரே சாட்சியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முன்பள்ளியில் தந்த படக்கதைப் புத்தகம்.

இதைக் கேள்விப்பட்ட மதுரா அழாத குறையாக ஓடிவந்தாள்.

“பிள்ளையள் சேர்ந்து விளையாடவெண்டு எழுதின புத்தகம் மாமா. அதை வழக்குக் கோவைக்குள்ளை போட்டு நம்பர் குத்தியிருக்கினம்.”

நமசிவாயத்தார் கதிரையை இழுத்துப் போட்டார். பிள்ளைக்குத் தேத்தண்ணீர் குடு என்று குணலட்சுமியிடம் சொன்னார்.

விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம் பொன்னம்பலத்தார் வந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அவர் இரண்டு வகுப்பு மேலே. கதிரையில் இருந்து தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“நாளைக்கு உன்னைக் கேப்பினம்,” என்றார் கடைசியில். “கதைக்காகக் கற்பனையாக் கீறினது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. அது பொய்யில்லை. படக்கதை எண்டால் கற்பனைதானே. உலகம் முழுக்க அப்பிடித்தான்.”

“அண்ணை, மதிலைக் கட்டுங்கோ. பின்னுக்குப் பிள்ளையள் போய்வர ஒரு சின்னப் படலை மட்டும் விட்டால் என்ன?”

“படலை விட்டால் வழி எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும். மகன் விடான்.” பொன்னம்பலத்தார் கையைப் பிசைந்தார். “பெடியன் முன் கேற்றாலை வந்து விளையாடட்டும். ஆர் வேண்டாமெண்டது? அவன் என்ரை வீட்டிலையும் வளர்ந்த பிள்ளை. நான் பாத்தியதைக்குத்தான் பயப்பிடுறன், பிள்ளைக்கு இல்லை.”

அவர் போன பிறகு நமசிவாயத்தார் யன்னலடியில் நின்றார். ஆட்கள் பிடுங்கிப்போட்ட கதியால்கள் நிலத்தில் கிடந்தன. பொட்டு மாத்திரம், இரண்டு பக்கத்துக் கதியாலோடும், இன்னும் பொட்டாக இருந்தது. கற்பனை என்று சொன்னால் தர்சிகாவுக்கு வழி போய்விடும், மதில் எழும்பும், பொட்டு அடைபடும். உள்ளதைச் சொன்னால் பொட்டை அடைக்க ஒருவராலும் முடியாது, பிள்ளைகள் இரண்டும் முன்போலவே ஓடித்திரியும். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். காணிக் கணக்கில் ஒரு அங்குலம் பிசகாதவர் மனுசக் கணக்கில் முழுதாகப் பிசகினார். முன் கேற்றைப் பற்றிப் பொன்னம்பலத்தார் சொன்னதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இணக்கசபை கூடியது. மேசைக்கு அங்கால் மூன்று பேர், நடுவில் இருந்தவர் இளைப்பாறின அதிபர். பண்பான மனிதர்கள். ஒருவரையும் குறை சொல்ல முடியாது. புத்தகத்தை ஒவ்வொருவராகப் புரட்டினார்கள். சைக்கிள் படத்தில் அதிபருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“ஐயா, இது நீங்கள் கீறினதோ?”

“ஓம்.”

“கற்பனையாக் கீறினதோ, கண்டு கீறினதோ?”

பொன்னம்பலத்தார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்சிகா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கண்டுதான்.”

“இந்தப் பொட்டு உள்ளதோ?”

“உள்ளது. பன்னிரண்டு வருசம். அகலம் இரண்டடி மூண்டங்குலம்.”

அகலத்தை ஒருவரும் கேட்கவில்லை. அவர் அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். பொன்னம்பலத்தாருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று மனம் உந்தியது. “பொன்னம்பலம் அண்ணைதான் தன்ரை கையாலை வெட்டிவிட்டவர். புதுப்பொம்பிளை நனையக்கூடாதெண்டு. அப்பிடி ஒரு மனுசன்,” என்றார்.

அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். வழியைத் திறந்தவர் பொன்னம்பலத்தாரேதான் என்று அதிபர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பொன்னம்பலத்தார் தலையை நிமிர்த்தி இவரை ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு அவர் நமசிவாயத்தாரோடு கதைக்கவில்லை, இன்றுவரைக்கும் இல்லை.

வழக்கென்று போனால் வருடக்கணக்கில் இழுபடும், இரண்டு பகுதியும் விட்டுக்கொடுங்கள் என்று சபை கேட்டது. பன்னிரண்டு மணிக்கு இணக்கம் வந்தது. பொன்னம்பலத்தார் தன் காணியின் மேற்கு ஓரத்தால், தர்சிகா வீட்டிலிருந்து றோட்டுவரை மூன்றடி அகலத்தில் ஒரு வழி விடுவது. அந்த வழிக்கும் தன் வளவுக்கும் இடையில் அவர் மதில் கட்டிக்கொள்வது. மேற்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரரின் மதில் ஏற்கெனவே நின்றது. பொட்டை நிரந்தரமாக அடைத்துவிடுவது. இரண்டு பகுதியும் கையெழுத்து வைத்தார்கள். தர்சிகா வென்றுவிட்டாள், பொன்னம்பலத்தாரும் பெரிதாகத் தோற்கவில்லை. உண்மை சொன்னதற்காக அதிபர் நமசிவாயத்தாரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு, எல்லோருக்கும் தெரிந்த ஆள், நீங்களே அந்த வழிக்கு ஒரு படம் கீறித் தந்தால் நல்லது என்றார்.

மறுக்க என்ன நியாயம் இருந்தது? அவர் கீறிக்கொடுத்தார். அளவுநாடாவின் ஒரு தலைப்பைத் தானே பிடித்து அளந்து, மூன்றடி, மூன்றடி, மூன்றடி என்று றோட்டுவரைக்கும் குறித்தார். குணலட்சுமி அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடவில்லை, சோற்றைக் கோப்பையில் போட்டுக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆவணிக்குள் மதில் எழும்பிவிட்டது. ஆறடி உயரம். ஆரணியை மதுராவின் முன்பள்ளியிலிருந்து நிற்பாட்டி, பள்ளிக்கூட வான் ஒன்றில் ஏற்றி மானிப்பாய் முன்பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தப் புத்தகம் வாசிக்கிற பள்ளிக்கூடம் வேண்டாமாம். கீர்த்திகனை முன் கேற்றால் கூப்பிட இப்போது அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. கூப்பிட்டாலும் தர்சிகா அனுப்பியிருக்க மாட்டாள். கற்பனை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பெடியன் முன் கேற்றால் வந்திருப்பான் என்று நமசிவாயத்தார் நினைத்தார். காலையில் பல்லுத் தீட்டும்போது நினைத்தார், கோயிலில் நிற்கும்போது நினைத்தார். தர்சிகாவுக்கு வழி நியாயம்தானே என்று அடுத்த நிமிடமே தனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டார். இரண்டும் சரியாக இருந்தன. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

ஒருநாள் மதுராவிடம் கேட்டுப்பார்த்தார், இரண்டு பிள்ளைகளையும் எங்கேயாவது சந்திக்கவைக்க ஏலாதோ என்று.

“நான் என்னெண்டு மாமா? ரெண்டு பகுதியும் என்னோடை கதைக்கினமில்லை,” என்றாள். மிஞ்சின புத்தகங்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். பழையபடி கரடிதான் கேக் வெட்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் முதல் மழை விட்ட ஒரு பின்னேரம், நமசிவாயத்தார் கடையிலிருந்து பாண் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பொன்னம்பலத்தார் வீட்டுக் கேற் திறந்துகிடந்தது, உள்ளே ஏதோ வாகனம் வந்திருக்கவேண்டும். ஆரணி தன் மூன்று சில்லுச் சைக்கிளோடு றோட்டோரத்துக்கு வந்துவிட்டாள். இரண்டு மதிலுக்கும் நடுவில் அந்த மூன்றடி வழி திறந்திருந்தது. தூரத்தில், வழியின் மற்றத் தலைப்பில், கீர்த்திகன் தனியே பந்தை மதிலில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். ஆரணி கண்டுவிட்டாள். ஒரு யோசனையும் இல்லாமல் சைக்கிளை வழிக்குள் திருப்பி மிதித்துக்கொண்டு போனாள்.

நமசிவாயத்தார் நின்றுவிட்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் இரண்டு பேரையும் ஒன்றாகக் காண்கிறார். பெரியவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் இல்லை. பிள்ளைகள் பெரியவர்களை வென்றுவிடுவார்கள் என்று அந்த நிமிடம் அவர் முழுசாக நம்பினார்.

கீர்த்திகன் பந்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். சைக்கிளுக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்து, இரண்டு மதிலையும் தொட்டபடி நின்றான். பந்து விழுந்து உருண்டது.

“நீ இதுக்குள்ளை வரக்கூடாது,” என்றான். “இது எங்கடை வழி.”

கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னான். ஆரணிக்கு விளங்கவில்லை. அவனை ஒருதரமும் மதிலை ஒருதரமும் பார்த்தாள்.

“நீ தள்ளுறியோ?” என்று கேட்டாள்.

“வரக்கூடாது எண்டு அம்மா சொன்னவ.” பெடியன் தலையை நிமிர்த்தி, றோட்டில் நின்ற நமசிவாயத்தாரைக் கண்டான். முகம் மலர்ந்தது. “தாத்தா, இது எங்கடை வழிதானே? நீங்கள்தானே கீறினனீங்கள்?”

ஆரணியும் திரும்பி அவரைப் பார்த்தாள்.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வழி யாருடையதானாலும் விளையாடலாம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். பாண் பையைக் கை மாற்றிப் பிடித்தார். கேட்ட கேள்விக்கு ஒரு பதில்தான் அவருக்கு வந்தது.

“ஓம் அப்பன். உங்கடை வழிதான்.”

ஆரணி சைக்கிளைத் திருப்பப் பார்த்தாள். மூன்றடிக்குள் அது திரும்பவில்லை. காலை நிலத்தில் ஊன்றி ஊன்றி, பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு றோட்டுவரைக்கும் வந்தாள். அவள் வந்து முடியும்வரை கீர்த்திகன் கையை எடுக்கவில்லை.